புதுப்பிப்பு: 32×32 படங்களுக்கு ரெஸ்நெட்-18

போன இழையில் சொன்னது: இமேஜ்நெட் என்ற பெரிய படத்தொகுப்பில் பயின்ற, படங்களை வகைப்படுத்தும் ரெஸ்நெட்-18 நியூரல் நெட்வொர்க்கின் கீழடுக்குகளை உறையவைத்து (எடைகள் மாறாமல் நிறுத்தி), மேலடுக்குகளை மட்டும் பயிற்றுவிப்பது. "ட்ரெயினிங் லாஸ் இறங்குது, வேலிடேஷன் ஏறமாட்டேங்குது" (பயிற்சியில் பிழை குறைகிறது, பயிலாத படங்களில் துல்லியம் கூடவில்லை) என்றவர்களுக்கு இது.

முதலில் அளவைப் பாருங்கள். முதல் கன்வல்யூஷனில் (படத்தின் மேல் ஃபில்டரை நகர்த்தும் அடுக்கு) ஸ்ட்ரைட், அதாவது ஒரு தடவை நகரும் பிக்சல், 2. அடுத்த மேக்ஸ்பூலிலும் (அருகருகே உள்ள மதிப்புகளில் பெரியதை மட்டும் எடுக்கும் அடுக்கு) 2. 32 பிக்சல் அங்கேயே 8 ஆகிவிடும். பிறகு 4, 2, கடைசித் தொகுதியில் வெறும் 1×1. விளிம்பிலிருந்து உறுப்பு, உறுப்பிலிருந்து உருவம் என்று கட்டியெழுப்ப இடமே இல்லை. மேக்ஸ்பூலை எடுத்துவிட்டு, முதல் ஸ்ட்ரைடை 1 ஆக்குங்கள். கடைசியில் 4×4 கிடைக்கும். பேடிங் (விளிம்பைச் சுற்றிச் சேர்க்கும் வெற்றுப் பிக்சல்) 3 அப்படியே இருக்கட்டும். உள்ளடுக்குகளின் பரப்பு 16 மடங்காகும், அதனால் நினைவகம் அதிகம் பிடிக்கும், பேட்ச் அளவை (ஒரே தடவையில் கொடுக்கும் படங்களின் எண்ணிக்கையை) குறைக்க வேண்டிவரலாம்.

7×7 ஃபில்டரை 3×3 ஆக்கலாமா? பூஜ்யத்திலிருந்து பயிற்றுவித்தால் தாராளமாக. இங்கே செய்தால் 64 ஃபில்டர்கள் கற்ற விளிம்பும் நிறமும் குப்பைக்குப் போகும்.

அடுத்தது பேட்ச்நார்ம் (சராசரியையும் வேரியன்ஸையும், அதாவது பரவலையும், வைத்து மதிப்புகளைச் சீராக்கும் அடுக்கு), பெரிய தலைவலி. பைடார்ச் நூலகத்தில் கிரேடியன்ட்டை (எடைகளைத் திருத்த உதவும் கணக்கை) நிறுத்தினாலும் அதன் சராசரியும் வேரியன்ஸும் நகர்ந்துகொண்டே இருக்கும். உறைந்த அடுக்குகளை இவால் நிலைக்கு (பயிற்சி இல்லாமல் சோதிக்கும் நிலைக்கு) மாற்றுங்கள், அதுவும் ஒவ்வொரு எபாக்கிலும் (எல்லாப் படங்களையும் ஒருமுறை பயின்று முடிக்கும் சுற்றிலும்) மாடலை ட்ரெயின் நிலைக்குக் கொண்டுபோன பிறகு. ஒரு எபாக் முன்னும் பின்னும் அந்தச் சராசரியை அச்சிட்டுப் பாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் அடுக்கு உறையவில்லை.