13 அனுப்பினால் 10 வருகிறது: சீரியல் போர்ட் சிக்கல்

மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டத்தை அளக்கக் கல்லடியில் ஓர் ஆர்டுயினோ மெகா (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) வைத்திருக்கிறேன். அது 12 பைட் பைனரிப் பொதிகளை யூஎஸ்பி வயர் வழியாக ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிக்கு அனுப்புகிறது. பை பக்கத்து நிரல் சி மொழியில்.

எழுத்துகளாக அனுப்பினால் ஒரு பிழையும் இல்லை. பைனரி என்றதும் 13 என்ற பைட் 10 ஆகிவிடுகிறது. 17, 19 இரண்டும் காணாமல் போகின்றன. 10 வரும்வரை, தரவைப் படிக்கும் ரீட் சார்பு வாயே திறப்பதில்லை.

மூன்று இரவுகளாக வேகத்தை 115200இலிருந்து 9600க்கு இறக்கினேன், வயரை மாற்றினேன் (அதன்மேல் குற்றமில்லை, பாவம்). நேற்று, 17, 19 இரண்டையும் ‘தொடர்’, ‘நிறுத்து’ சைகைகளாக எடுத்துக்கொள்ளும் ஐஎக்ஸ்ஆன் (IXON) கொடியை, அதாவது போர்ட் அமைப்பை, நீக்கியதும் 17, 19 திரும்பிவிட்டன. 13 இன்னும் அடம்பிடிக்கிறது; ரீட்டும் 10க்காகவே காத்திருக்கிறது.

13ஐ 10 ஆக்கும் ஐசிஆர்என்எல் (ICRNL), வரி முடியும்வரை காக்கவைக்கும் ஐகேனான் (ICANON) கொடிகளையும் ஒவ்வொன்றாக நீக்க வேண்டுமா, போர்ட்டை மூல நிலைக்கு (raw) மாற்றும் சிஎஃப்மேக்ரா (cfmakeraw) சார்பு ஒன்றை அழைத்தாலே போதுமா?