கெல்ப் காட்டை மீட்பது வீண் வேலையா?

வளவன்:
நேராகவே கேட்கிறேன். கடல் சூடாகிக்கொண்டே போகும்போது கெல்ப் என்ற இந்தப் பெரிய கடற்பாசியை மறுபடி நட்டு என்ன பயன்? 2011இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் வந்த ஒரே வெப்ப அலையில் கடற்கரையோரம் சுமார் 100 கிலோமீட்டருக்குக் காடு அழிந்தது. தண்ணீர் குளிர்ந்த பிறகும் திரும்பவில்லை, ஏனென்றால் அதற்குள் வெப்பமண்டல மீன்கள் வந்து முளைத்ததையெல்லாம் மேய ஆரம்பித்துவிட்டன. அந்தக் காசைக் கரிம உமிழ்வைக் குறைக்கச் செலவழிக்கலாம்.

நெய்தல்:
நீங்கள் சொல்லும் இடத்துக்கு அது சரி. எல்லாக் கடலுக்கும் அதே கணக்கைப் போடாதீர்கள் வளவன். வட கலிஃபோர்னியாவில் 90 சதவீதத்துக்கு மேல் கெல்ப் போனதற்குச் சூடு மட்டும் காரணமில்லை. 2013இல் ஒரு நோய் பரவி, கடல் மூரைகளை, அதாவது உடம்பெல்லாம் முள்ளான உருண்டைக் கடல் உயிரிகளை, தின்னும் சூரியகாந்தி நட்சத்திர மீன் அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. அடுத்த வருடமே வெப்ப அலை. அதுவரை பாறை இடுக்கில் ஒதுங்கி, மிதந்து வரும் இலைத்துண்டைத் தின்றுகொண்டிருந்த ஊதா மூரைகள் வெளியே வந்து, நிற்கிற கெல்பின் அடியையே அரித்தன.

இப்போது அங்கே ஒரு மூரையை உடைத்தால் உள்ளே சதைப்பற்றே இருக்காது. பட்டினியாகவே வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தளிர் தலைகாட்டினால் போதும், தின்றுவிடும். சும்மா விட்டால் தானாக வரும் என்பது அங்கே நடக்காது. தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலோஸ் வெர்டெஸ் கடலோரத்தில் 2013 முதல் முக்குளிப்பவர்கள் சுத்தியலோடு இறங்கி மூரைகளைக் குறைத்தார்கள், நடாமலேயே கெல்ப் வந்தது.

வளவன்:
எத்தனை நாள் சுத்தியலோடு இறங்குவது?

கடலோடி:
சுத்தியலே தேவைப்படாத இடமும் உண்டு. நியூசிலாந்தின் லீ பகுதியில் 1975இல் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். ஸ்நாப்பர் மீனும் சிங்கி இறாலும் பெருகி மூரைகளைத் தின்றன, மொட்டைப் பாறையில் காடு திரும்பியது. ஒன்றிரண்டு வருடத்தில் இல்லை, அதற்குப் பல வருடம் பிடித்தது.

வளவன்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். டாஸ்மேனியாவுக்கு என்ன சொல்வீர்கள்? வெதுவெதுப்பான நீரோட்டம் தெற்கே நீண்டதால் ராட்சத கெல்பில் சுமார் 95 சதவீதம் போச்சு, அதே நீரோட்டத்தில் நீள்முள் மூரையும் வந்து சேர்ந்தது.

நெய்தல்:
அங்கேதான் எஞ்சிய செடிகளில் சூடு தாங்குபவற்றைத் தேடி, வித்தெடுத்து வளர்த்து நடுகிறார்கள்.

வளவன்:
அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டே. மீன்பிடித் தடைக்கு நான் எதிரில்லை. நடவுப் படத்தைக் காட்டிவிட்டு உமிழ்வைப் பற்றி வாயே திறக்காமல் போகிறார்கள், அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.