எக்ஸ்டர்னல் டிஸ்க்: காப்பி 63 சதவீதத்தில் நிற்கிறது

கேள்வி:
1 டிபி போர்ட்டபிள் டிஸ்க், நாலு வருடமாக ஓடுகிறது. ஒரு வாரமாக அதிலிருந்து போட்டோக்களை எடுக்கப் போனால் 63 சதவீதம் வரை ஜோராக ஓடி, அப்புறம் வேகம் பூஜ்யமாகி, ஐ/ஓ டிவைஸ் எரர் என்று நின்றுவிடுகிறது. சில நேரம் டிரைவே காணாமல் போய், டிங் என்ற சத்தத்தோடு தானாகவே திரும்பி வருகிறது. செக்டிஸ்க் /ஆர் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கட்டளை) போடலாமா? வேறு பேக்கப் கிடையாது (திட்டாதீர்கள்).

பதில் 1:
இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். செக்டிஸ்க் ஃபைல் சிஸ்டத்தைத்தான் ஒழுங்கு செய்யும், உங்கள் போட்டோவைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. காணாமல் போய் வருவது பெரும்பாலும் கேபிள் அல்லது மின்சாரக் கோளாறு. யூஎஸ்பி ஹப் இருந்தால் எடுத்துவிட்டு, வேறு கேபிளில் நேராக கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 3.0 போர்ட்டில் செருகுங்கள், 2.0 போர்ட் 500 மில்லிஆம்ப்தான் தரும், 3.0 என்றால் 900. அப்புறம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் (டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள்) 05 (பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகள்), சி5 (படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள்), சி7 (டேட்டா கடத்தும்போது வந்த பிழைகள்) மூன்றையும் பாருங்கள். சி7 ஏறியிருந்தால் கேபிள்தான்.

பதில் 2:
சி7 விஷயத்தில் சின்னத் திருத்தம். அது டிஸ்க்குக்கும் உறைக்குள் இருக்கும் யூஎஸ்பி போர்டுக்கும் நடுவில் நடக்கும் பிழையை எண்ணுவது. வெளிக் கேபிள் பழுதானாலும் அங்கே பூஜ்யமாகவே இருக்கலாம்.

கேட்டவர்:
கேபிளை மாற்றியதும் காணாமல் போவது நின்றது, ஆனால் அதே 63-இல்தான் சிக்குகிறது. சி7 பூஜ்யம், 05 பூஜ்யம், சி5-இல் 18.

பதில் 2:
அந்த எண் வழக்கமாக ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண்முறை) வரும், 18 என்றால் 16 + 8, அதாவது 24 செக்டர்களைப் படிக்க முடியவில்லை. ஆக உங்களுக்கு இருந்தது இரண்டு கோளாறு, கேபிள் ஒன்று, டிஸ்க் ஒன்று. திரும்பத் திரும்ப காப்பி போட்டு டிஸ்க்கை வதைக்காதீர்கள். லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பூட் செய்து ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்க்கை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடத்துக்குக் கடைசியில் வரும். மேப் ஃபைல் (எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் ஃபைல்) கொடுக்க மறக்க வேண்டாம், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எழுதப்போகும் டிஸ்க் எது என்பதை மூன்று முறை பாருங்கள், மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போச்சு. டொக் டொக் என்று சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு டேட்டா மீட்பவர்களிடம் கொடுங்கள்.

கேட்டவர்:
முடிந்தது! ஒரு வீடியோ மட்டும் நடுவில் உடைந்திருக்கிறது, போட்டோ எல்லாம் பத்திரம். பழைய டிஸ்க்கை முழு ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1:
மேலே எழுதினால் சி5 குறையும், சில செக்டர்கள் 05-க்குப் போகலாம். அதன் பிறகும் சி5 ஏறினால் குப்பைதான். ஏறாவிட்டாலும் போனால் போகட்டும் என்கிற சாமானை மட்டும் அதில் போடுங்கள்.