மலையிலிருந்து இறங்கிய அனுபவங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மலையேறியவர்கள் கூடிப் பேசினால், உச்சியைத் தொட்டதோடு கதை முடிந்துவிடுகிறது. என் முழங்கால்களோ இறங்கிய கதையைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன. ஆகவே, இறங்கிய அனுபவத்தை மட்டும் இங்கே பகிருமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பூண்டியிலிருந்து இரவில் புறப்பட்டு, விடியும் நேரத்தில் வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் ஈசனைத் தரிசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறங்கத் தொடங்கிய சற்று நேரத்திலேயே வெயில் ஏறிவிடும். ஆறு மலைகளையும் கடந்து, உடம்பில் இருந்த தெம்பெல்லாம் தீர்ந்த பிறகுதான் முதல் மலையின் செங்குத்தான கற்படிகள் வருகின்றன. ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத அந்தப் படிகளில், அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடியைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றி, உடல் எடையில் ஒரு பங்கை அதன்மீது இறக்கிய பின்னரே காலை எடுத்து வைத்தேன். ஏறும்போது அந்தத் தடியைச் சுமை என்றுகூட நினைத்ததுண்டு. என்னோடு வந்த பெரியவர் ஒருவர் நேராக இறங்காமல், சற்றே பக்கவாட்டில் திரும்பி, கால்களை மாற்றி மாற்றி வைத்து இறங்கினார். அவருக்கு மூச்சும் வாங்கவில்லை, முழங்காலும் நடுங்கவில்லை.

தான்சானியா சென்றுவந்த ஓர் உறுப்பினர்:

கிளிமஞ்சாரோவில் உச்சி நாள் என்பது உண்மையில் இறங்கும் நாள். மச்சாமே என்னும் பாதையில் செல்பவர்கள் சுமார் 4,670 மீட்டர் உயரத்திலுள்ள பராஃபு முகாமிலிருந்து நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு, 5,895 மீட்டரிலுள்ள உச்சியான உஹுரு முனையைக் காலையில் அடைகிறார்கள். அன்றே ஏறத்தாழ 3,100 மீட்டரிலுள்ள ம்வேகா முகாம்வரை இறங்கிவிட வேண்டும். அதாவது, சுமார் 1,200 மீட்டர் ஏறியவர்கள் அதே நாளில் 2,800 மீட்டர் இறங்குகிறார்கள். கட்டணம் செலுத்தும்போது இந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இரவில் உறைந்து கெட்டித்துக் கிடக்கும் எரிமலைச் சரளை, வெயில் பட்டதும் இளகிவிடுகிறது. ஏறும்போது காலுக்குப் பிடி கொடுத்த அதே சரிவு, இறங்கும்போது காலோடு சேர்ந்து கீழே ஓடுகிறது. வழிகாட்டி எனக்குக் கற்றுக்கொடுத்த முறை இதுதான்: முழங்காலைச் சற்றே மடித்து, குதிகாலை அழுத்திப் பதித்து, சரளை சறுக்கும் அளவுக்கு நாமும் சறுக்கி, அது நின்றதும் அடுத்த காலை வைக்க வேண்டும். இதற்கு அஞ்சி உடலை விறைத்துக்கொண்டவர்களே அடிக்கடி விழுந்தார்கள். எழும் புழுதி மூக்கை அடைக்கும் என்பதால் முகத்தை மூடத் துணியும், கற்கள் காலணிக்குள் புகாமலிருக்கக் கெய்ட்டர் எனப்படும் கணுக்கால் உறையும் அவசியம். புறப்படுவதற்கு முன் கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்வதும், இறங்கும்போது கணுக்காலருகே நாடாவை இறுக்கிக் கட்டுவதும் சிறிய காரியங்களாகத் தோன்றலாம். அவற்றைச் செய்யாத ஒருவரின் இரு பெருவிரல் நகங்களும் காலணியின் முனையில் மோதி மோதிக் கறுத்துப்போனதை முகாமில் பார்த்தேன்.

ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். மேலே தலைவலியும் குமட்டலுமாக, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட எங்கள் குழுவினர், ம்வேகாவில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். உயரத்தால் வரும் நோய்க்கு இறங்குவதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

வான்கூவரிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்கள் சரளை பனி. நகரத்தை அடுத்துள்ள சீமோர் மலையில் குளிர்காலத்தில், பனியில் கால் புதையாமல் நடக்க உதவும் அகலமான ஸ்னோஷூ அணிந்து பம்ப் பீக் என்னும் சிகரம் வரை ஏறி இறங்குவது இங்குள்ளவர்களுக்கு வார இறுதிப் பழக்கம். ஏற்றத்தில் குதிகாலுக்கு அடியில் நிமிர்த்திக்கொள்ளும் கம்பி ஒன்று இந்தக் காலணியில் உண்டு; அதை மடித்துவிடாமல் இறங்கினால் உடல் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். புதிதாகப் பெய்த பொலபொலப்பான பனியில் இறங்குவது விளையாட்டைப் போன்றது. பகலில் உருகி மாலையில் மீண்டும் இறுகிய பனியில், காலணியின் அடியிலுள்ள இரும்புப் பற்கள் முழுவதும் பதியுமாறு காலைத் தட்டையாக வைத்தே இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் பற்கள் பிடியை விட்டுவிடும்.

சறுக்கலைவிட எனக்கு அச்சம் தருவது வழி தவறுவதுதான். ஏறும்போது எல்லாப் பாதைகளும் மேலே ஒன்றுகூடுகின்றன. இறங்கும்போது அவையே பிரிந்து பள்ளத்தாக்குகளை நோக்கிப் போகின்றன. ஒருமுறை மேகம் சூழ்ந்து வழிக் கம்பங்கள் மறைந்தபோது, எங்களுக்கு முன்னே சென்ற சிலர் பனியில் தெரிந்த காலடித் தடத்தைப் பின்பற்றி இடப்புறம் திரும்பினார்கள். அந்தத் தடம் யாருடையது, அவர் திரும்பி வந்தாரா என்பதெல்லாம் நமக்குத் தெரியாதே என்று நாங்கள் குரல் கொடுத்து நிறுத்தி, அடுத்த கம்பம் கண்ணில் படும்வரை எல்லோரும் ஒரே இடத்தில் நின்றோம். ஊசியிலை மரங்களின் அடியிலும் யாரும் ஒதுங்க வேண்டாம். கிளைகள் பனியைத் தடுப்பதால் அடிமரத்தைச் சுற்றி ஆழமான பொந்து உருவாகியிருக்கும், மேலிருந்து பார்த்தால் அது தெரியாது.

இலங்கை மலையகத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர்தான். ஆனால் நல்லதண்ணிப் பக்கம் 5,000 படிகளுக்கு மேல் உண்டு. டிசம்பர் போயா எனப்படும் பௌர்ணமி நாளிலிருந்து மே மாதத்தையொட்டி வரும் வெசாக் பௌர்ணமி வரையிலான பருவத்தில், சூரிய உதயத்தைக் கண்டவுடன் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். நடுவில் நிற்க இடமிராது. ஓரத்துக் கம்பியை விட்டவருக்கு அது மறுபடி கிடைக்காது. எங்கள் ஆச்சி ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவார். காத்திருக்கப் பொறுமையின்றி ஓடி இறங்கிய நாங்கள், இரண்டாம் நாள் வீட்டு வாசற்படியில் கால் வைக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் அடுப்படியிலிருந்து வெந்நீர் சுமந்து வந்தார்.