0.93 என்ற எண்ணோடு போன நாள்

ஆய்வு மாணவி:

முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தேர்வுப் பதற்றத்தை அளக்கும் வினாப்பட்டியல் ஒன்றை நானே உருவாக்கினேன். 40 உருப்படிகள் (கேள்வி வாக்கியங்கள்), ஐந்து புள்ளி அளவுகோல். உருப்படிகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா, முன்னோட்டத் தரவில் 0.93 வந்தது. 0.70 இருந்தாலே போதும் என்று கேட்டுப் பழகியவள் நான். அன்று இரவு மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையிலேயே அளவீடும் புள்ளியியலும் நடத்தும் பேராசிரியையிடம் தாளை நீட்டினேன்.

அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை. “உருப்படிகளை ஒவ்வொன்றாக வாசியம்மா” என்றார்.

“தேர்வு என்றாலே எனக்குப் பயம்.” “தேர்வை நினைத்தால் அச்சமாக இருக்கிறது.” “தேர்வு நெருங்கும்போது அஞ்சுகிறேன்.” மூன்றாவதை வாசிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது. ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். ஆல்ஃபா ஏறத்தான் செய்யும். உருப்படிகள் கூடினாலும் ஏறும். ஆனால் தேர்வு அறையில் கை வியர்ப்பது, படித்தது சட்டென்று மறந்துபோவது, முந்தைய நாள் உறக்கம் கெடுவது பற்றி என் 40 கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. பதில்கள் ஒத்துப்போகும் நம்பகத்தன்மையைத் துரத்திக்கொண்டு, அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற ஏற்புடைமையைக் கோட்டைவிட்டிருந்தேன்.

பாதிக்கு மேல் மாற்றி எழுதி 28 உருப்படிகளாக்கி, மறுபடி தரவு திரட்டினேன். ஆல்ஃபா 0.84. தயங்கிக்கொண்டே காட்டினேன். “இப்போதுதான் இது பதற்றத்தை அளக்கிறது” என்றார்.

அதோடு விடவில்லை. 90-க்கு மேல் எடுத்தவர்களை ‘மிகு பதற்றம் உடையோர்’ என்று பிரிக்க நினைத்திருந்தேன். மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் 10. ஒன்றிலிருந்து 0.84-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, பத்தால் பெருக்கச் சொன்னார். நான்கு வந்தது. அதுதான் அளவீட்டின் திட்டப்பிழை: எடுத்த மதிப்பெண் உண்மையான நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்ற கணக்கு. 88 எடுத்த மாணவியின் உண்மையான நிலை 84 முதல் 92 வரை எங்கும் இருக்கலாம். அதற்கு வெளியேயும் இருக்கக்கூடும். “இரண்டு மதிப்பெண் குறைவு என்று இவளுக்கு உதவி வேண்டாம் என்று எழுதிவிடுவாயா?” என்று கேட்டார். அந்தச் சூத்திரத்தை முதுகலைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். அது ஒரு பிள்ளையைப் பற்றியது என்று அன்றுதான் உறைத்தது.

ஆல்ஃபாவைப் பரப்பிய லீ க்ரோன்பாக்கும் கல்வி உளவியலாளர்தான். 1951-இல் அந்தக் கட்டுரை வந்தது. 2001-இல் அவர் இறந்தார். அவருடைய கடைசி எண்ணங்கள் 2004-இல் வெளியாயின. ஒரு கருவியைப் பற்றி முதன்மையாகச் சொல்லவேண்டியது ஆல்ஃபா போன்ற கெழு அல்ல, அளவீட்டின் திட்டப்பிழையே என்று அதில் சொல்லியிருந்தார். இதையும் பேராசிரியைதான் எனக்குப் படிக்கக் கொடுத்தார்.

பள்ளி ஆசிரியர், பகுதிநேர ஆய்வாளர்:

எனக்கு நேர்ந்தது சிறியது. என் வினாப்பட்டியலில் ஆல்ஃபா 0.41-ஐத் தாண்டவில்லை. மூன்று வாரம் மாணவர்களைக் குறை சொன்னேன், அக்கறையில்லாமல் நிரப்பினார்கள் என்று. எங்கள் பேராசிரியர் உருப்படிக்கும் மொத்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவுப் பட்டியலைக் கேட்டார். ஆறு உருப்படிகளில் மட்டும் எதிர்க்குறி. ஆறும் எதிர்மறை வாக்கியங்கள், ‘ஆம்’ என்றால் மதிப்பெண் குறையவேண்டியவை. “இவற்றைத் திருப்பி மதிப்பிட்டீர்களா ஐயா?” என்றார். இல்லை. என்னைவிட வயதில் இளையவர். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

முதுகலை மாணவர்:

நீங்கள் இருவரும் கொடுத்துவைத்தவர்கள். எனக்குப் பாடம் நடத்தியவர் ஒரு பருவம் முழுவதும் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டுமே காட்டினார். பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வந்தால் ‘வேறுபாடு உண்டு’, மேலே வந்தால் ‘இல்லை’. எவ்வளவு வேறுபாடு என்று நான் கேட்டதற்கு, அது பாடத்திட்டத்தில் இல்லை என்றார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த ‘எவ்வளவு’ என்பதைச் சொல்லும் விளைவின் அளவு என்று ஒன்று இருப்பதையே பின்னர் வேறொருவரின் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்துதான் கற்றேன். மாதிரி பெரிதாக இருந்தால் அற்ப வேறுபாட்டுக்குக்கூட பி மதிப்பு 0.05-க்குக் கீழே வந்துவிடும் என்பதை அவர் ஒரே தரவை வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டினார்.

ஆய்வு மாணவி:

தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். என் ஆய்வேட்டில் 86-க்கும் 94-க்கும் இடைப்பட்டவர்களைத் தனிப் பிரிவாக வைத்து, ஒவ்வொருவரிடமும் நேரில் பேசினேன். 88 எடுத்த அந்த மாணவி தேர்வுக்கு முந்தைய மூன்று இரவுகள் உறங்கியிருக்கவில்லை.