அப்பாவின் 50 எம்எம் லென்ஸுக்குள் பூஞ்சை, காவடிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது

மழையூர்க்காரி (க்யூர்பிப், மொரிஷியஸ்):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கிரியோல்தான் ஓடும், தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது, அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் இந்தத் தைப்பூசத்துக்கு முதல் தடவையாகக் காவடி எடுக்கிறான், காட்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலைக் கோவிலுக்கு. அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு படம், சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரி. அப்பா பல வருடம் காவடி எடுத்தவர். ஆனால் அவர் காவடியோடு நிற்கிற படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் வீட்டில் கேமரா பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இப்போது அவர் இல்லை, கேமரா பிடிக்கிற ஆள் நான்.

கேமரா நிக்கான் டி5600. அதோடு வந்த 18-55 லென்ஸ் போன மாதம் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரையில் மணலில் விழுந்தது, திருப்பினால் கரகரவென்கிறது, 35-ஐத் தாண்டி நகரவே மாட்டேன் என்கிறது. சரி, அப்பாவின் 50 எம்எம் எஃப்/1.8டி இருக்கிறதே என்று அலமாரியைத் திறந்தேன். ஆறு வருடமாகத் தோல் உறைக்குள் கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஓரமாக வெள்ளை வெள்ளையாக நூல், வெங்காயத் தாளைப் பிடுங்கினால் அடியில் வேர் தொங்குமே, அந்த மாதிரி. யூடியூபில் ஒருவர் பத்தே நிமிடத்தில் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறார். நானும் கழற்றலாமா? இல்லை இப்படியே வைத்து எடுத்தால் படத்தில் தெரியுமா? கேமராவுக்குள்ளும் பரவிவிடுமா? இன்னொன்று, மாட்டினால் திரையில் எஃப்இஇ என்று வருகிறது, ஷட்டர் விழவே இல்லை, அதுவும் பூஞ்சையாலா?

பழைய ஷட்டர் (ரோஸ் ஹில்):

தங்கச்சி, முதலில் அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வை.

எஃப்இஇ பூஞ்சையால் இல்லை. லென்ஸில் எண்கள் போட்ட அபெர்ச்சர் வளையம் (வெளிச்சம் போகிற துளையைச் சுருக்கி விரிக்கிறது) இருக்கும், அதை 22-க்குத் திருப்பி (அந்த எண் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்) பக்கத்தில் உள்ள குட்டிப் பூட்டைத் தள்ளிவிடு. ஷட்டர் விழும். ஆனால் ஃபோகஸ் தானாக வராது. உன் டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த டி லென்ஸுக்குள்ளும் கிடையாது, அது மோட்டார் உள்ள பெரிய கேமராக்களுக்காகச் செய்தது. கையால்தான் திருப்ப வேண்டும். வியூஃபைண்டரில் இடது பக்கம் கீழே ஒரு புள்ளி எரியும், அது அசையாமல் நின்றால் ஃபோகஸ் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது பூஞ்சை. நூல் நூலாக, கிளை விட்டு இருந்தால் பூஞ்சையேதான். கண்ணாடி மேல் மூச்சு விட்ட மாதிரி ஒரே சீராக மங்கலாக இருந்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் ஆவியாகிப் படிந்தது, ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டி வைத்த இரண்டு கண்ணாடி பிரிகிறது. நீ சொல்வது முதல் வகை. ஓரத்தில் மட்டும் என்றால் படத்தில் நூல் நூலாகத் தெரியவே தெரியாது. வெயிலைப் பார்த்து எடுத்தால் மட்டும் படம் முழுக்கப் பால் ஊற்றினது போல் வெளுக்கும், கறுப்பு கறுப்பாக இருக்காது. பின்பக்கக் கண்ணாடியில் இருந்தால் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அதுவும் எஃப்/16, 22 என்று துளையைச் சுருக்கினால். அதனால் வெயில் உன் முதுகில் விழுகிற மாதிரி நில், ஒரு ஹூட் போடு, எஃப்/8-ஐத் தாண்டாதே.

கழற்றுவதைப் பற்றி என் கதையைச் சொல்கிறேன். எனக்கும் இப்படி ஒரு 50 இருந்தது, நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து உட்கார்ந்தேன். கண்ணாடியைத் துடைத்ததெல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் ஃபோகஸ் திருப்புகிற திருகுமறை இருக்கிறதே, அது சாதாரண போல்ட் மாதிரி ஒரு இடத்தில் தொடங்குவதில்லை, பல இடத்தில் தொடங்கும். எந்த இடத்தில் பிரிந்து வந்ததோ அதே இடத்தில் பிடித்துத் திருப்பினால்தான் சரியாக உட்காரும். கழற்றும்போது அடையாளம் போட மறந்துவிட்டேன். மூன்று மணி நேரம் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன், கடைசியில் ஏதோ ஒன்றில் உட்கார்ந்தது, ஆனால் தூரத்தில் இருக்கிற எதுவும் அப்புறம் தெளிவாக வரவே இல்லை. இன்றைக்கும் அது என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். காவடிக்கு மூன்று வாரம் வைத்துக்கொண்டு இந்த வேலை வேண்டாம்.

தூசிதட்டி (வாக்வா):

அந்த லென்ஸைக் கேமராவில் மாட்டவே மாட்டாதீர்கள், மற்ற லென்ஸ் பக்கத்தில்கூட வைக்கக் கூடாது, ஒட்டிக்கொள்ளும். நல்ல வெயிலில் ரெண்டு நாள் வைத்தால் செத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார்.

ரங்கூன் மழை (யாங்கூன்):

தூசிதட்டி அண்ணே, கோபித்துக்கொள்ளக் கூடாது, இதில் பாதிதான் சரி. பூஞ்சையின் வித்து காற்றில் எங்கேயும் இருக்கிறது, உங்கள் புது லென்ஸ் மேலும் இப்போதே உட்கார்ந்திருக்கும். அது முளைக்க ஈரம் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேலே வாரக்கணக்கில் நின்றால் முளைக்கும், காய்ந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது. ஒரு நாள் கேமராவில் மாட்டி எடுப்பதால் எதுவும் வராது. ஈரமான அதே பெட்டியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டி வைப்பதுதான் தப்பு.

வெயில் வைத்தியம் எங்கள் ஊரிலும் உண்டு. வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி கண்ணாடியிலேயே நின்றுவிடும், ஆனால் சூடு உள்ளே ஏறிவிடும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கிற எண்ணெய் இளகி அபெர்ச்சர் இதழ்களில் போய் ஒட்டும், அப்புறம் இதழ் சோம்பேறியாகிவிடும். மூடி போடாமல் வைத்தால் இன்னும் மோசம், லென்ஸ் என்பது பூதக்கண்ணாடிதானே, என் மாமா வீட்டு ஜன்னல் திரையில் ஒரு ஓட்டை அப்படி விழுந்ததுதான். பூஞ்சை செத்தாலும் அதன் நூல் அங்கேயேதான் கிடக்கும், யாராவது துடைத்தால்தான் போகும். ரொம்ப நாள் விட்டால் கண்ணாடியின் பூச்சையே அரித்துத் தடம் போட்டுவிடும், அது துடைத்தாலும் போகாது. அதனால் காவடி முடிந்ததும் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், வருடக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

தங்கச்சி, அந்தத் தோல் உறையை இன்றைக்கே தூக்கி எறியுங்கள். குற்றவாளி அதுதான். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்குச் சாப்பாடும் அதுவே. மழைக்காலத்தில் அலமாரியில் வைத்த தோல் செருப்பு பச்சையாகப் பூத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு இங்கே மே முதல் அக்டோபர் வரை மழைதான், க்யூர்பிப்பில் வருடம் முழுக்க என்று கேள்வி. முன்பெல்லாம் அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு எரியவிடுவோம், இப்போது மின்சாரம் வருகிறதோ இல்லையோ தெரியாது, எல்இடி பல்பில் சூடும் கிடையாது. நான் இப்போது வைத்திருப்பது ரப்பர் விளிம்பு போட்டு இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் போதும். 30க்குக் கீழே போனால் ரப்பரும் எண்ணெயும் காய்ந்துவிடும், அதுவும் வேண்டாம். செருப்புப் பெட்டியில் வருகிற சின்னப் பொட்டலம் பிரயோஜனம் இல்லை, அது கடையிலேயே ஈரம் குடித்து முடித்திருக்கும். ஆரஞ்சு நிற மணி வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும், 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. அரிசி மட்டும் போடாதீர்கள், மாவுத் தூசிதான் மிச்சம்.

மழையூர்க்காரி:

எல்லோருக்கும் நன்றி. தோல் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், அம்மா பார்த்துவிட்டு மறுபடி எடுத்து வந்து கழுவிக் காயப்போட்டிருக்கிறார்கள், அப்பாவுடையதாம். லென்ஸ் உள்ளே போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

22-க்குத் திருப்பினேன், ஷட்டர் விழுகிறது. ஆனால் நடந்து வருகிற ஆளைக் கையால் ஃபோகஸ் பண்ண எனக்கு வரவில்லை. அண்ணனை வராந்தாவில் நடக்கவிட்டு நாற்பது படம் எடுத்தேன், மூன்றுதான் தேறியது, அதில் ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறான்.

நடைபாதை (காட்ர் போர்ன்):

தங்கச்சி, என்னிடம் 35 எம்எம் எஃப்/1.8ஜி இருக்கிறது, மோட்டார் உள்ளேயே இருப்பதால் உன் கேமராவில் தானாக ஃபோகஸ் ஆகும். தைப்பூசத்தன்று எனக்குத் தேவைப்படாது, நான் பால்குடம் எடுக்கிறேன். மெட்ரோவில் வந்துவிடு, காட்ர் போர்ன் ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன். பணம், அடமானம் எல்லாம் வேண்டாம், மணலில் மட்டும் போடாதே.

ஏழு வருடமாக இந்தக் காவடியைப் படம் எடுக்கிறேன், அதனால் லென்ஸைவிட வெளிச்சத்தைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது. தை மாதத்தில் நம் ஊரில் மத்தியான வெயில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே இருக்கும், நின்றால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த நேரத்தில் யாரை எடுத்தாலும் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் வரும். அதற்கு மேல் தலைக்கு மேலே காவடி வளைவு வேறு, பூவும் ஓலையும் மயிலிறகும் வெயிலில் பளபளக்கும், அதன் அடியில் முகம் இருட்டு. கேமரா எதை நம்பும்? பூவைப் பார்த்தால் முகம் கறுக்கும், முகத்தைப் பார்த்தால் நெற்றி விபூதி வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும். எரிந்தது எரிந்ததுதான், எந்த மென்பொருளும் திருப்பித் தராது. நான் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 0.7-இல் வைத்து, ரா ஃபைலாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற கோப்பாக) எடுத்து, முகத்தை வீட்டில் உட்கார்ந்து தூக்குகிறேன்.

ஆனால் உனக்கு வேண்டியது ஒரே படம்தானே. ஊர்வலத்தில் தேடாதே. காலையில் ஆற்றங்கரையில், அலகு குத்துவதற்கு முன்னால், மரத்தடியில் குளித்து ஈர வேட்டியோடு உட்கார்ந்திருப்பான் பார், அப்போது எடு. மரநிழல், வெளிச்சம் ஒரு பக்கமாக மெதுவாக வரும். அலகு குத்தும்போது ஃப்ளாஷ் போடாதே, பூசாரி கையில் வேல் இருக்கிறது, கண் கூசினால் என்ன ஆகும். யார் முகத்துக்கும் எதிரே போய் நிற்காதே, அது விரதம் இருந்து வருகிறவர்களின் நாள். நீயும் செருப்பில்லாமல் நடப்பாய் இல்லையா, தார் ரோடு கொதிக்கும், ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல் நடந்தால் சூடு கொஞ்சம் குறைவு. இது லென்ஸ் அறிவுரை இல்லை, ஆனால் கால் சுட்டால் கை ஆடும்.

காரில் ஏசி போட்டு வந்தால் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பே அணைத்துவிடு. இல்லாவிட்டால் வெளியே எடுத்ததும் கண்ணாடி வியர்த்து ஒன்றும் தெரியாது.

பழைய ஷட்டர்:

நடைபாதை சொன்னதில் ஒன்றுதான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மைனஸ் 0.7 எல்லா நேரத்துக்கும் ஆகாது, மேகம் மூடினால் முகம் சேறாகிவிடும். திரையில் வெள்ளைப் பகுதி மினுக்குகிற எச்சரிக்கையைப் போட்டு வைத்து, விபூதி மினுக்கினால் மட்டும் குறை.

தங்கச்சி, அப்பா லென்ஸையும் பையில் எடுத்துப் போ. கையால் ஃபோகஸ் பண்ண ஒரு குறுக்கு வழி: கேமராவில் எஃப்/8 வை, ஃபோகஸ் வளையத்தை 3 மீட்டரில் நிறுத்தி டேப் ஒட்டிவிடு. இரண்டரை மீட்டரில் இருந்து மூன்றரையைக் கொஞ்சம் தாண்டும் வரை எல்லாம் தெளிவாக வரும். அப்புறம் வளையத்தைத் தொடவே தொடாதே, உன் காலை நகர்த்து. உன் அண்ணன் நான்கு எட்டு தூரத்துக்கு வரும்போது அமுக்கு.

மழையூர்க்காரி:

காவடி முடிந்தது. அண்ணன் நன்றாக இருக்கிறான், முதுகில் இருந்த அலகுத் தடம்கூட இரண்டே நாளில் மறைந்துவிட்டது. காலையில் மழை தூறியது, பத்து மணிக்கு மேல் வெயில் கொளுத்தியது.

நடைபாதை அக்கா சொன்ன மரத்தடியில் அப்பா லென்ஸில் பன்னிரண்டு படம் எடுத்தேன், டேப் ஒட்டியே. கொஞ்சம் வெளுத்துத்தான் இருக்கிறது, பின்னால் ஆற்றுத் தண்ணீர் பளபளத்தது. மற்றதெல்லாம் அக்காவின் 35-இல்தான், முந்நூற்றுச் சொச்சம். ஒரு படத்தில் அண்ணன் நெஞ்சில் தொங்குகிற எலுமிச்சங்காய் ஒவ்வொன்றின் நிழலும் அதனதன் அடியில் ஒரு பொட்டு மாதிரி விழுந்திருக்கிறது, அந்தப் படத்தைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா சட்டம் போடக் கொடுத்தது இது எதுவும் இல்லை. சித்தி மகள் போனில் எடுத்த படம், கோவில் படிக்கட்டில், குடும்பமே நிற்கிறது, அண்ணன் தலை காவடியோடு பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. நானும் அதில் இருக்கிறேனாம், அதனால்.

அப்பா லென்ஸை மெக்கானிக்கிடம் கொடுத்தாயிற்று, பூச்சு அரிக்கவில்லை, துடைத்தால் போய்விடும் என்றார். டப்பாவும் மீட்டரும் வாங்கிவிட்டேன், முள் 46-இல் நிற்கிறது. அக்கா, சனிக்கிழமை லென்ஸைக் கொண்டு வரட்டுமா?

நடைபாதை:

சனிக்கிழமை வேண்டாம், கால் இன்னும் ஆறவில்லை. ஞாயிறு காலை வா. அந்த எலுமிச்சங்காய் படத்தை இங்கே போடு முதலில்.