வால்யூம், லவுட்னெஸ், சவுண்ட் லெவல்: மூன்றும் 'ஒலியளவு' தானா?

நண்பர்களே,

ஒலிபெருக்கிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் முட்டுகிறது. வால்யூம் திருகுக்கு 'ஒலியளவு' என்று போட்டாயிற்று. அடுத்த பக்கத்தில் லவுட்னெஸ், அதற்கடுத்து சவுண்ட் லெவல். எல்லாவற்றையும் ஒலியளவு என்றே விட்டால், "இரவில் ஒலியளவு 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது" என்று படிப்பவர் திருகில் 45-ஐத் தேடுவார். ஒலி ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் கருவியான லிமிட்டருக்கு 'நலிப்பி' சரிவருமா?

-----

> எல்லாவற்றையும் ஒலியளவு என்றே விட்டால்

விடக் கூடாது. ஒலியளவு திருகோடு நிற்கட்டும்; கைபேசியில் எல்லார் கண்ணுக்கும் பழகிவிட்ட சொல், அதை அசைப்பது வீண் வேலை. ஆனால் திருகில் உள்ள எண் எதையும் அளப்பதில்லை. 7-இல் வைத்தால் ஒரு பெட்டி முணுமுணுக்கும், இன்னொன்று ஜன்னலை அதிர வைக்கும்.

மீட்டர் காட்டுவது ஒலிமட்டம். காதுக்குத் தோன்றுவது உரப்பு. பள்ளிப் பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சொல். ஒலிபெருக்கிக்குப் போகும் 100 வாட்டை 50 ஆக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல்தான் இறங்கும், காது அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. உரப்பு பாதியானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் இறங்க வேண்டும், அதாவது 10 வாட்டுக்கு வர வேண்டும். "பாதியாக்கிட்டோம்" என்கிற மைக்செட்காரரும் "குறையவே இல்லை" என்கிற எதிர்வீட்டாரும் பொய் சொல்லவில்லை. அவர் வாட்டைச் சொல்கிறார், இவர் உரப்பைச் சொல்கிறார்.

-----

உரப்புதல் என்றால் பழைய வழக்கில் அதட்டுதல். பேச்சில் 'உறைப்பு', காரம், வேறு குறுக்கே வரும். இருந்தாலும் பாடநூலில் வேரூன்றிய சொல்லை மாற்ற வேண்டாம். என் வாக்கும் உரப்புக்கே.

நலிப்பியை ஏற்க முடியவில்லை. இலக்கணத்தில் எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் வரிசையில் நலிதல் இடைப்பட்ட ஓசை. தவிர, லிமிட்டர் எப்போதும் நலிப்பதில்லை. குறித்த வரம்புக்குக் கீழே வரும் ஒலியைத் தொடாமல் விட்டு, மேலே எழுவதை மட்டும் அமுக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் குறைக்கும் அட்டெனுவேட்டருக்கு வேண்டுமானால் நலிப்பியை வைத்துக்கொள்ளலாம். லிமிட்டருக்கு 'வரம்பி': பெருக்கி, மாற்றி, கடத்தி வரிசையில் இயல்பாக உட்காரும்.

-----

வரம்பிக்கு ஆதரவு. பயன்பாட்டில் வைத்துப் பார்ப்போம், சொல் தாங்குகிறதா என்று தெரியும்.

வரம்பி மிக்சருக்கும் பெருக்கிக்கும் (ஆம்ப்ளிஃபையர்) நடுவில் வரும். 2000-ஆம் ஆண்டின் இரைச்சல் மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் ஒலிமட்டம் அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55. ஆகவே எல்லையில் 65. பிங்க் நாய்ஸை (தாழ்ந்ததும் உயர்ந்ததுமான எல்லா ஒலிகளும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, எல்லையில் மீட்டரை 'ஏ' நிறையில் (காதைப் போலத் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அமைப்பு) வைத்துப் பார்த்துக்கொண்டே, 65 வரும்வரை வரம்பு மதிப்பை இறக்க வேண்டும். கைபேசிச் செயலியை நம்பாதீர்கள், அளவொப்பு (காலிபரேஷன்) செய்யாத மைக் அது.

வழக்கமாக எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், வரம்பியைப் பூட்டிவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் பெருக்கியின் திருகைப் பூட்டாமல் விடுவதில்தான். கச்சேரி சூடுபிடித்ததும் யாரோ அதைத் திருகுவார், வரம்பி வேடிக்கை பார்க்கும்.

இன்னொன்று, 'ஏ' நிறை 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபெல்லைக் கழித்துவிடும். மீட்டர் 65 காட்டும்போதே செண்டை மேளமோ டிஜே பேஸோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகக் கழிக்காத 'சி' நிறையிலும் ஒருமுறை பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் பேஸ் ஒலிக்கான சப்வூஃபரைத் தனியே இறக்க வேண்டும்.

-----

அப்படியானால் கையேட்டில் அந்த வரி இப்படி வரட்டும்: "பெருக்கியின் ஒலியளவுத் திருகை முழுதும் திறந்து, மூடியிட்டுப் பூட்டுக. அதன் பின்பே எல்லையில் ஒலிமட்டத்தை அளந்து வரம்பியை அமைக்க." உரப்பு இந்த வரியில் வர வேண்டியதில்லை. அது புகார் மனுவில் வரும்.